இரண்டாவது இறுவட்டு

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதி. எந்தப் பிரிவுக்கு எத்தனை மணிக்கு மின்வெட்டு என்ற அட்டவணையைப் பார்த்துத்தான் சமையலும் தண்ணீர் இறைப்பதும் கந்தோர் வேலையும் நடந்த காலம் அது. ஒரு நாள் காலை பத்து மணியளவில் எமது பெண்கள் நிலையத்தின் வாசலில் ஒரு வயோதிபத் தாய் வந்து நின்றார். கூடவே பேத்தி. எரிபொருள் இல்லாததால் பஸ் ஓடாத நாள். திராய்மடுவிலிருந்து மட்டக்களப்பு நகரம் வரை இருவரும் நடந்தே வந்திருந்தார்கள்.

தண்ணீர் கொடுத்து இருக்கச் சொன்னேன். குடித்து முடித்ததும் வந்த காரியத்தைச் சொன்னார்.

“மகள், சுனாமிக்குப் புறகு முகாமில எங்கள எல்லாம் வரிசையா நிப்பாட்டிப் படம் புடிச்ச. ஒங்கட கந்தோர் ஆக்கள்தான். அதில என்ட மகளும் நிண்டவள். அந்தப் படம் ஒண்டு எடுத்துத் தருவீங்களா?”

பேத்தி அவரைப் ‘பெத்தா’ என்று அழைத்தாள். நானும் அப்படியே அழைக்கத் தொடங்கினேன். பெத்தாவின் குடும்பம் நாவலடியில் இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வீட்டைக் கொண்டுபோனபோது அல்பம், பிறப்புச் சான்றிதழ், பாடசாலைப் படங்கள் எல்லாமே போயின. உயிர் தப்பிய மகள் 2005 இன் கடைசியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். படம் எடுக்க வசதியும் இல்லை, மனமும் இல்லை. அடுத்த ஆண்டு இந்தப் பிள்ளை பிறந்தாள். 2008 இல் மகள் நோயில் இறந்தாள். அடையாள அட்டை கிராம உத்தியோகத்தரிடம் ஒப்படைக்கப்பட்டது. கையில் எஞ்சியது அட்டையின் ஒரு நிழற்பிரதி. அதில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம்தான் இருந்தது.

பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தன் தாயின் முகம் தெரியாது. அவள் எதுவும் கேட்கவில்லை. மேசையிலிருந்த கணனியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்குள் அம்மா இருப்பதைப் போல.

“தேடிப் பார்க்கிறேன் பெத்தா” என்றேன். “இருக்கும்” என்று சொல்லவில்லை. சமூகப் பணியில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், கையில் இல்லாததை வாக்காகக் கொடுக்கக்கூடாது என்பது.

நான் இந்த நிலையத்தில் சேர்ந்தது 2013 இல். சமூகவியல் பட்டம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். சுனாமிக் காலத்தில் இங்கு வேலை செய்தவர்களில் ஒரேயொரு அக்காதான் இப்போது எஞ்சியிருக்கிறார். அவர் உடனே பின்னறை அலுமாரியைத் திறந்தார். பழைய பதிவேடுகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் மூன்று இறுவட்டுகள். ‘முகாம் படங்கள் 2005’ என்று எழுதி, 1, 2, 3 என இலக்கமிட்டிருந்தது. அந்தக் காலத்தில் வந்திருந்த ஒரு தொண்டர் தம்பி எரித்துக் கொடுத்துவிட்டுப் போனாராம். அதன்பின் யாரும் அவற்றைக் கணனியில் போட்டுப் பார்க்கவில்லை.

படங்கள் கிடைத்துவிட்டன என்று மகிழ்ந்தோம். உண்மையில் கிடைத்தவை மூன்று தட்டுகள் மட்டுமே. படங்களை எடுப்பதற்கு எமக்கு இரண்டு கிழமைக்கு மேல் ஆனது. அந்த இரண்டு கிழமையில் கற்றுக்கொண்டவற்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டு அலுமாரியிலும் திருமண வீடு, பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு என்று எழுதிய தட்டுகள் கிடக்கக்கூடும்.

முதல் சிக்கல், தட்டைப் போடுவதற்கு இடமில்லை. எங்களிடம் உள்ள இரண்டு மடிக்கணனிகளிலும் இறுவட்டு இயக்கி இல்லை. இப்போது வரும் மடிக்கணனிகள் பெரும்பாலானவற்றில் அது இல்லை. மூலையில் துணி போட்டு மூடியிருந்த பழைய மேசைக்கணனிதான் கதி. அதைத் தூசு தட்டி உயிர்ப்பித்தால், இயக்கியின் தட்டம் வெளியே வர மறுத்தது. இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. தட்டத்தின் முன்பக்கத்தில் ஊசித் துவாரம் போல ஒரு சிறிய ஓட்டை இருக்கும். கணனியை நிறுத்திவிட்டு, காகிதக் கவ்வி ஒன்றை நேராக்கி அந்த ஓட்டைக்குள் மெதுவாக அழுத்தினால் தட்டம் விடுபட்டு வெளியே வரும். கணனியை நிறுத்தாமல் செய்தால், உள்ளே தட்டு சுழன்றுகொண்டிருந்தால் கெட்டுவிடும்.

முதலாம் இலக்கத் தட்டைப் போட்டேன். வாசித்தது. ஆனால் உள்ளே ஒரு படமும் இல்லை. ஏறத்தாழ 700 மெகாபைட் அளவில் ஒரேயொரு கோப்புத்தான் இருந்தது. பெயரின் முடிவில் ‘பாகம் 1’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்தத் தொண்டர் தம்பி எல்லாப் படங்களையும் வின்ரார் என்ற மென்பொருளால் ஒரே பொதியாகக் கட்டி, ஓர் இறுவட்டில் எவ்வளவு கொள்ளுமோ அந்த அளவில் மூன்று துண்டுகளாக வெட்டி எரித்திருக்கிறார். நல்ல எண்ணத்துடன் செய்த வேலைதான். ஆனால் அப்படிக் கட்டிய பொதியில் ஒரு தட்டு பழுதானால் மற்றவற்றுக்கும் இடைஞ்சல்.

பொதியைத் திறக்கத் தொடங்கினால், பாதியில் “அடுத்த பாகம் தேவை” என்று நிற்கும். தட்டை எடுத்து இரண்டாவதைப் போட வேண்டும். போட்டேன். திரையில் பழைய தட்டின் பட்டியலே தெரிந்தது. மீண்டும் முதலாவது, மீண்டும் இரண்டாவது என்று பல முறை மாற்றினேன். கடைசியில் கணனி பதில் சொல்லாமல் உறைந்துவிட்டது. பிறகுதான் விளங்கியது, ஒரே இயக்கியில் தட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு வேலை செய்வது பழைய கணனிக்குப் பெரும் பாரம் என்று. மென்பொருள் ஒரு தட்டைத் திறந்து வைத்திருக்கும்போதே நாம் அதை வெளியே இழுத்தால் குழப்பம்தான் வரும். செய்ய வேண்டியது வேறு. முதலில் ஒவ்வொரு தட்டிலும் உள்ளதை வன்தட்டுக்குப் பிரதி எடுக்க வேண்டும். தட்டை மாற்றியதும் இயக்கியின் விளக்கு அணையும் வரை பொறுத்திருந்து, புதுப்பிக்கும் விசையான எஃப்5 ஐ அழுத்தினால் புதிய பட்டியல் வரும். மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்த பிறகு பொதியை அவிழ்க்கலாம்.

முதலாவது தட்டு பத்து நிமிடத்தில் பிரதியானது. மூன்றாவதும் அப்படியே. இரண்டாவது தட்டு மட்டும் உள்ளே போனதும் கரகரவென்று சத்தமிட்டது. சுழல்வதும் நிற்பதுமாக இருந்தது. இருபது நிமிடத்தின் பின் “வாசிக்க முடியவில்லை” என்றது.

அந்தப் படங்களுக்குக் குடும்ப இலக்கத்தையே பெயராக வைத்திருந்தார்கள். இலக்கத்துக்கு உரியவர்கள் யார் என்பது அக்காவின் பதிவேட்டில் கையெழுத்தில் இருந்தது. பெத்தாவின் குடும்ப இலக்கம் 214. முதலாவது தட்டிலிருந்து வந்த படங்கள் 160 உடன் நின்றன. மூன்றாவது பாகத்தைத் தனியே திறந்தபோது, முந்திய பாகத்தில் தொடங்கிய முதல் படத்தைத் தவிர மற்றவை வந்தன. அவை 331 இலிருந்து ஆரம்பித்தன. 214 எங்கே இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏன் இரண்டாவது மட்டும் கெட்டது? மூன்றையும் மேசையில் வைத்துப் பார்த்தோம். இரண்டாவதில் மட்டும் மேற்பக்கத்தில் காகித ஒட்டுச்சீட்டு ஒன்று இருந்தது. அழகுக்காக யாரோ பிறகு ஒட்டியிருக்க வேண்டும். ஈரத்தில் அதன் ஓரம் சுருண்டு, கீழே இருந்த வெள்ளிப் படலத்தில் ஒரு சிறு துண்டையும் கிளப்பிக்கொண்டு வந்திருந்தது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் எல்லோரும் தட்டின் மினுங்கும் அடிப்பக்கத்தைத்தான் பக்குவமாகப் பார்ப்போம். கீறல் விழக்கூடாது என்று அந்தப் பக்கத்தை மேலாக வைத்து, எழுத்துள்ள பக்கத்தை மேசையில் உரச விடுவோம். இறுவட்டு 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ளது. அதில் பெரும்பகுதி தெளிந்த பிளாஸ்ரிக். தகவல் பதிந்திருப்பது அடிப்பக்கத்தில் இல்லை, எழுதும் பக்கத்துக்கு உடனடிக் கீழே. அங்கே ஒரு சாயப் படை, அதன்மேல் ஒளியைத் திருப்பி அனுப்பும் உலோகப் படலம், அதன்மேல் மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். அடிப்பக்கக் கீறல் சிறியதென்றால் இயந்திரம் சமாளிக்கும். மேற்பக்கத்தில் படலம் உரிந்தால் அந்த இடத்துத் தகவல் போனதுதான். டிவிடியில் தகவல் இரண்டு பிளாஸ்ரிக் தட்டுகளுக்கு நடுவே இருப்பதால் அதற்கு இந்த ஆபத்துக் குறைவு. ஆகவே ஒட்டுச்சீட்டு வேண்டாம். குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதவும் வேண்டாம். இறுவட்டுக்கென்று விற்கும் மென்முனை மாக்கரால் எழுதினால் போதும்.

வீட்டில் எரிக்கும் இறுவட்டுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. கடையில் வாங்கும் பாட்டுத் தட்டு தொழிற்சாலையில் அச்சில் அழுத்திச் செய்யப்படுகிறது. நாம் எரிப்பதோ லேசர் கதிரால் சாயத்தை மாற்றி எழுதுவது. சாயம் வெயிலுக்கும் சூட்டுக்கும் ஈரத்துக்கும் மெல்ல மெல்ல மாறும். தகரக் கூரைக்குக் கீழே, மட்டக்களப்பு வெயிலில், பதினேழு வருடம். மற்ற இரண்டும் தப்பியதே பெரிய காரியம்.

ஒட்டுச்சீட்டை உரிக்க நான் கை வைத்தேன். நல்லவேளை, அக்கா தடுத்துவிட்டார். உரித்திருந்தால் மீதிப் படலமும் அதனுடன் வந்திருக்கும். சுருண்டு நின்ற ஓரத்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டினோம். அடிப்பக்கத்தை மென்மையான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தோம். அதற்கும் முறை உண்டு. வட்டமாகத் துடைக்கக்கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும். தகவல் சுருள் வடிவில் சுற்றிச் சுற்றிப் பதிந்திருப்பதால், வட்டமாகத் துடைக்கும்போது விழும் கீறல் ஒரே சுற்றை நீளமாகக் கெடுத்துவிடும்.

அப்படியும் வாசிக்கவில்லை. அப்போதுதான் எம்மிடம் பயிற்சிக்கு வந்திருந்த தொழில்நுட்பக் கல்லூரித் தங்கை வாயைத் திறந்தாள். அதுவரை இரண்டு நாளாக நாங்கள் தெருமுனைக் கணனிக் கடைத் தம்பியைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். அவர் பெற்றோல் வரிசையில் நின்றார். எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்த பெண் பிள்ளையிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பெண்கள் நிலையத்தில் வேலை செய்துகொண்டே நான் விட்ட பிழை இது. கணனி என்றதும் ஒரு ‘தம்பி’யைத் தேடும் பழக்கம் எமக்குள் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

“அக்கா, ஒரு இயக்கி வாசிக்காததை இன்னொரு இயக்கி வாசிக்கும். ஒவ்வொன்றின் லேசரும் ஒவ்வொரு மாதிரி. இன்னொன்று கிடைக்குமா?” என்றாள். பக்கத்துப் பாடசாலை ஆசிரியை ஒருவர் மடிக்கணனியில் செருகும் வெளி இயக்கி ஒன்றைத் தந்துதவினார். தங்கை தன் பென்ட்ரைவிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடக்கி, டிடி ரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டாள். சாதாரணமாகப் பிரதி எடுக்கும்போது கெட்ட இடம் ஒன்று வந்தால் கணனி எல்லாவற்றையும் கைவிட்டுவிடும். இது அப்படியல்ல. கெட்ட இடத்தைத் தாண்டிப்போய் நல்லதை எல்லாம் முதலில் அள்ளும். பிறகு திரும்பி வந்து விட்ட இடங்களைச் சிறிது சிறிதாக முயலும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு கணக்குக் கோப்பிலும் எழுதி வைக்கும்.

அந்தக் கணக்குக் கோப்புத்தான் எங்களைக் காப்பாற்றியது. நடுவில் மின்சாரம் போகும். எங்கள் யூ.பி.எஸ். இன் மின்கலம் எப்போதோ செத்துவிட்டது, மடிக்கணனியும் அரை மணித்தியாலம்தான் தாங்கும். ஆனால் மின்சாரம் வந்ததும் மென்பொருள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பின்னர் அதே தட்டைப் பழைய மேசைக்கணனியில் போட்டு, அதே கணக்குக் கோப்பைக் கொடுத்து ஓடவிட்டோம். இந்த இயக்கி வாசிக்காத சில இடங்களை அது வாசித்தது. இப்படி இரண்டு இயக்கிகளுக்கும் மாறி மாறி நாலு நாள். கடைசியில் ஏறத்தாழ ஆறு மெகாபைட் மட்டும் மீளவில்லை.

அந்த நாலு நாளும் நான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். இழந்தவர் எண்ணிக்கை, கூடாரத்தின் இலக்கம், கொடுத்த பாய், கொடுத்த பானை. படம் எடுத்த திகதியும் இருந்தது. படத்தின் பிரதி கொடுத்ததாக ஓரிடத்திலும் இல்லை. அக்காவிடம் கேட்டேன். “அறிக்கைக்குத்தான் எடுத்தது தங்கச்சி. கொடுக்கிறதைப் பற்றி அப்ப ஒருவரும் யோசிக்கயில்லை” என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. இரவு பகலாகச் சோறு கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் எல்லா அல்பங்களையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற பெண்களுக்கு அதன்பின் எடுக்கப்பட்ட முதல் படம் அதுதான். அதை எடுத்தவர்கள் நாங்கள், வைத்திருந்தவர்களும் நாங்கள். அவர்களிடம் ஒரு பிரதி இருந்திருந்தால் பெத்தா நடந்து வந்திருக்க வேண்டியதில்லை, எங்கள் தட்டு கெட்டும் இருக்கலாம். ஏழை மக்களைப் பற்றிய பதிவுகள் அவர்களிடம் இல்லாமல் மற்றவர்களின் அலுமாரிகளில்தான் இருக்கின்றன. சமூகவியல் வகுப்பில் இதை நான் படித்திருக்கிறேன். அந்தப் பதிவேட்டின் முன்னால் இருந்தபோதுதான் விளங்கியது.

ஐந்தாம் நாள் பொதியை அவிழ்த்தோம். வின்ராரில் ‘பழுதான கோப்புகளையும் வைத்திரு’ என்ற பொருளில் ஒரு தெரிவு உண்டு. அதைத் தெரிவு செய்யாவிட்டால் சிறிது கெட்ட படத்தையும் அது அழித்துவிடும். தெரிவு செய்தோம். 161, 162 என்று வரிசையாக வந்தன. சில படங்கள் திறக்கவே இல்லை. 214 திறந்தது.

கூடாரத்தின் முன்னால் பிளாஸ்ரிக் கதிரையில் பெத்தா. பின்னால் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஆனால் படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் சாம்பல் நிறம். பழுதான இடம் அதில்தான் விழுந்திருந்தது. கதிரையிலிருந்த பெத்தாவின் நெற்றிக்குக் கீழே ஒன்றுமில்லை. நின்ற மகளின் முகம் முழுமையாக இருந்தது. ஒரு கீறலும் இல்லை.

தங்கை அழத் தொடங்கிவிட்டாள். எனக்குக் கை நடுங்கியது. உடனே ஓடிப்போய்ச் சொல்ல ஆசை. ஆனால் முதலில் அதைப் பத்திரப்படுத்த வேண்டும். இந்த விடயத்தில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். வாழ்வாதார உதவிக்கு விண்ணப்பித்த 42 பெண்களின் விபரங்களை ஒரு மாதம் வீடு வீடாகப் போய்த் திரட்டி, கணனியில் ஏற்றி, இறுவட்டில் எரித்து, உதவி வழங்கும் அலுவலகத்துக்கு அனுப்பினேன். எரித்து முடிந்ததும் கணனி “வெற்றிகரமாக முடிந்தது” என்றது. நானும் நம்பினேன். இரண்டு கிழமையின் பின், தட்டில் ஒன்றும் திறக்கவில்லை என்று பதில் வந்தது. நான் திரையின் முகப்பிலிருந்த குறுக்குவழிச் சின்னங்களைத்தான் எரித்திருக்கிறேன். மூலையில் சிறு அம்புக்குறி உள்ள சின்னம் கோப்பு அல்ல, கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் கைகாட்டி மட்டுமே. என் கணனியில் அது திறக்கும், வேறு கணனியில் திறக்காது. அதற்குள் எங்கள் கணனியில் வைரஸ் என்று திருத்தக் கொடுத்து, வன்தட்டையே துடைத்திருந்தார்கள். 42 வீடுகளுக்கும் மறுபடி போனேன். கணவனை இழந்த கதையை இரண்டாவது தடவையும் சொல்லும்படி அந்தப் பெண்களிடம் கேட்டேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்றுவரை வலிக்கிறது.

அதனால் இம்முறை ஒவ்வொரு படியாகச் செய்தோம். படங்களை ஒரு வெளி வன்தட்டிலும் ஒரு பென்ட்ரைவிலும் பிரதி எடுத்து, பென்ட்ரைவை நிலையத்துக்கு வெளியே வேறொரு வீட்டில் வைத்தோம். ஒரே அலுமாரியில் மூன்று பிரதி இருந்தாலும், வெள்ளத்துக்கும் தீக்கும் அது ஒரு பிரதிதான். பிறகு இரண்டு டிவிடியிலும் எரித்தோம். ஒரு டிவிடி 4.7 கிகாபைட் கொள்ளும் என்பதால் எல்லாப் படங்களும் ஒன்றிலேயே அடங்கின. பொதியாகக் கட்டவில்லை, துண்டாக வெட்டவில்லை. படங்கள் படங்களாகவே போயின. ஓரிடம் கெட்டாலும் மற்றவை திறக்கும்.

எரிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கணனி முதலில் ஒரு கேள்வி கேட்கும், தட்டைப் பென்ட்ரைவ் போலப் பயன்படுத்துவதா, இறுவட்டு இயக்கிகளில் வாசிக்கும்படி எழுதுவதா என்று. இரண்டாவதைத் தெரிய வேண்டும். முதலாவதைத் தெரிந்தால் பழைய கணனிகள் பலவற்றில் அது திறக்காது. இரண்டாவது முறையில் கோப்புகளை இழுத்துப் போட்டதும் மங்கலாகத் தெரியும். எரித்தாகிவிட்டது என்று நினைத்துத் தட்டை எடுத்துவிடக்கூடாது. அவை வரிசையில் காத்து நிற்கின்றன, இன்னும் எழுதப்படவில்லை. ‘எழுது’ என்று கட்டளை கொடுத்த பிறகுதான் எரியும். உச்ச வேகத்தைத் தெரியாமல் நடுத்தர வேகத்தைத் தெரிந்தால் பிழை குறையும். எரியும்போது வேறு வேலை செய்யாமல் கணனியைத் தனியே விடுங்கள். ஒரு தடவை எழுதும் தட்டில் நடுவழியில் மின்சாரம் போனால் அந்தத் தட்டு பெரும்பாலும் வீண். நாங்கள் அட்டவணையைப் பார்த்து, மின்சாரம் வந்த கையோடு எரித்தோம். கடைசியாக, தட்டை மூடி நிறைவுசெய்யும் தெரிவைக் கொடுக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து கணனி “வெற்றி” என்று சொன்னாலும் வேலை முடியவில்லை. தட்டை வெளியே எடுத்து, வேறொரு கணனியில் போட்டு, நடுவிலும் முடிவிலும் உள்ள கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் முடிந்தது என்று சொல்லலாம். 42 வீடுகள் எனக்குக் கற்றுத்தந்த பாடம் அது.

படத்தைக் கடையில் கழுவுவித்து எடுத்துக்கொண்டு திராய்மடுவுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரு சங்கடம். மகள் தப்பினாள், தாய் சாம்பலுக்குள் போய்விட்டார். அதை எப்படிச் சொல்வது? பெத்தா படத்தை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “என்ட முகம் போனாப் போகட்டும் மகள். நான் இஞ்சதானே இரிக்கிறன்.”

பேத்தி படத்தைக் கையில் வாங்கினாள். கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, படத்தைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். நான் முற்றத்துக்கு வந்துவிட்டேன்.

அதன்பின் பதிவேட்டை வைத்துக்கொண்டு மற்றக் குடும்பங்களையும் தேடத் தொடங்கினோம். சிலர் இடம் மாறிவிட்டார்கள், சிலர் வெளிநாட்டில், சிலர் உயிரோடு இல்லை. ஒவ்வொருவரின் படத்தையும் அவரிடம் அல்லது அவரது நெருங்கிய உறவினரிடம் மட்டுமே கொடுக்கிறோம். அந்த வேலை இன்னும் முடியவில்லை. இப்போது நாங்கள் யாரைப் படம் எடுத்தாலும் ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்த பிறகே கோப்பில் வைக்கிறோம். தங்கை பயிற்சி முடித்து எங்களிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, கிராமத்துப் பெண்கள் கொண்டுவரும் பழைய தட்டுகளிலிருந்து படங்களை எடுத்துக் கொடுக்கவும், எடுப்பதற்குக் கற்றுக்கொடுக்கவும் செய்கிறாள்.

அன்புச் சகோதரிகளே, இந்தக் கிழமையே உங்கள் அலுமாரியைத் திறந்து பாருங்கள். இறுவட்டைப் பூட்டி வைப்பது அதற்குள் இருப்பதைக் காப்பாற்றுவது ஆகாது. அதை வாசிக்கும் இயந்திரம் ஒன்றாவது ஊரில் இருக்கும்போதே எடுத்து வேறிடத்தில் பதியுங்கள். முக்கியமான நாலு படங்களையாவது தாளில் கழுவிச் சுவரில் மாட்டுங்கள். உங்களிடம் இருப்பது மற்றவர்களின் படம் என்றால், அதற்கு உரியவர் நடந்து வரும்வரை காத்திருக்காதீர்கள்.